மச்சான் கையில் கோளாறு இல்லை

உங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் மீன் நல்ல மீன், டாக்டர். ஏதோ சொல்ல வாயைத் திறந்து, சொல்ல வந்தது மறந்துபோன மாதிரி இருக்கிறது. நீங்களே பிடித்ததாக நர்ஸ் சொன்னார். சந்தோஷம். இந்தக் கதவை மட்டும் கொஞ்சம் சாத்திவிடுகிறேன். எனக்கு முதுகின் அடிப்பக்கம் குளிர்காற்று படுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்விதான். என் மச்சான் நார்பர்ட்டுக்குக் கை நடுக்கம் எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் யாராவது கவனித்தீர்களா என்று கேட்டீர்கள். நான் கவனித்தேன். சனிக்கிழமை காலை, மான் வேட்டை சீசன் தொடங்கிய அன்று, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு. இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும். உங்களுக்கும் இன்று வேறு நோயாளி இல்லை. இந்த வாரம் ஊரில் பாதிப் பேர் காட்டில் இருக்கிறார்கள், மீதிப் பேர் நாளைய நன்றித் திருநாள் விருந்துக்கு வான்கோழியை ஊறவைத்துக்கொண்டிருக்கிறார்கள். மச்சானும் பக்கத்து அறையில் நடுக்கம் பார்க்க நர்ஸ் கொடுத்த காகிதத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். அவசரமில்லை.

நீங்கள் சிகாகோக்காரர் என்று கேள்விப்பட்டேன். அது உங்கள் குற்றமில்லை. ஆனால் அதனால் ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் மாமனார் வீட்டு வேட்டை முகாமில் ஒரு வழக்கம் உண்டு. மானைச் சுட்டுத் தப்பவிட்டவன், அன்று போட்டிருந்த சட்டையின் பின்வாலை, அதாவது முதுகுக்குக் கீழே தொங்கும் துணியை, கொடுக்க வேண்டும். அதை வெட்டி, மையால் பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணி அடித்துவிடுவார்கள். வெட்டுகிற உரிமை இதற்கு முன் கடைசியாகத் தப்பவிட்டவனுக்கு. முகாமில் அடுப்பிலிருந்து ஜன்னல் வரைக்கும் தொங்குவது எல்லாம் என் வால்தான். கடைசியாகத் தப்பவிட்டவனும் நான், இப்போது தப்பவிட்டவனும் நான் என்பதால், பல வருடங்களாக நானே கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து என் சட்டையை வெட்டிக்கொள்கிறேன்.

எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை. என் மனைவி ஜெனட் எனக்கு நல்ல சட்டை வாங்குவதை நிறுத்திவிட்டாள். தேவாலயத்தில் பழைய துணி விற்பார்களே, அங்கே எடுத்து வருகிறாள். ஒரு சட்டையில் 'கேரி' என்று பூத்தையல் போட்டிருந்தது. அதன் வாலும் சுவரில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் கேரி யார், இந்த வருடம் வரவில்லையா என்று கேட்கிறார்கள். ஒரு கட்டத்தில் சுவரில் இடம் போதாமல், என் மாமியார் பழைய வால்களையெல்லாம் கழற்றி எடுத்துப்போய், ஒன்றோடொன்று தைத்து, எங்கள் திருமண நாளுக்குப் போர்வையாகக் கொடுத்தார். நல்ல கதகதப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் என் பெயர் இருக்கிறது. இரவில் புரண்டு படுக்கும்போது எந்த வருடம் மூக்கில் உரசுகிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

நார்பர்ட் என் மனைவியின் அண்ணன். பால் லாரி ஓட்டுகிறான். நல்லவன். முகாமுக்குள் நான் நுழைந்ததும் அவன் முதலில் பார்ப்பது என் சட்டையைத்தான்.

"என்ன மாப்ளே, இந்த வருசம் பூப்போட்டதா? சுவத்துக்கு எடுப்பா இருக்கட்டும்னு எடுத்தியா?"

அவனுடைய சித்தப்பா ஸ்டாஷ், முகாமுக்குப் பெரியவர், உடனே சேர்ந்துகொள்வார். "விடுறா. ஜன்னலுக்குத் திரை இல்லாம இருக்கு. இன்னும் ரெண்டு வருசத்துல அதுவும் ஆயிடும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேண்டுமானால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள், நான் நன்றாகவே சிரிப்பேன்.

மச்சானின் சட்டையில் வால் எப்போதும் முழுதாக இருந்தது. சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. அது மாமனாருடையது. அதைப் போட்டுக்கொண்டு மாமனார் ஒரு மானையும் தப்பவிட்டதில்லை. கடைசிக் காலத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து, சூப்புக் கரண்டி வாய்க்குப் போகாமல் தாடையில் முட்டும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டவர்களில் நானும் ஒருவன். ஒருநாள் என் தோளைப் பிடித்து, "நீயும் எனக்கு மகன்தான்யா" என்றார். அவர் போன பிறகு சட்டை மச்சானுக்குப் போயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு வலித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுகூட ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

மாமனார் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி வேட்டைத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டின் விசையும் ஒரே லட்சணம். மழையில் ஊதிப்போன கதவைத் திறக்கிற மாதிரி, இழு இழு என்று இழுக்க வேண்டும். வெடிப்பதற்குள் மான் பேரன் பேத்தி எடுத்துவிடும். நான் தப்பவிடுவதற்கு இந்த விசைதான் காரணம் என்று ஒருமுறை சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் மச்சான். "என்கிட்ட இருக்கறதும் அதே ட்ரிகர்தான மாப்ளே? நான் எப்படிச் சுடறேன்? நீ ஜெபம் சொல்லாம சுடற, அதான் விஷயம்."

அவன் சொன்னது உண்மைதான், அவன் ஜெபம் சொல்லித்தான் சுடுவான். மாமனாரிடம் கற்றது. துப்பாக்கியைத் தூக்கும்போதே விரலை விசையின்மேல் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு, 'அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே' என்று முடிப்பான். முடித்த பிறகுதான் இழுப்பான். அந்தப் பழைய விசை அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கும். சுடத் தயாராகும் முன் விசையில் விரல் வைக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மச்சானுக்கும் தெரியும். ஆனால் மாதாவின் காவல் இருக்கும்போது அது பொருந்தாது என்று நினைத்தான்.

கோடை கடைசியில் நான் வேறொரு கம்பெனி செய்த விசை ஒன்றை வரவழைத்தேன். என் தொழில் புல்வெட்டி, பனிவண்டி எஞ்சின் பழுது பார்ப்பது. துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவது எனக்குப் பெரிய காரியமில்லை. என் துப்பாக்கியில் பொருத்தி, சரளைக் குழியில் காகிதத் தட்டுகளை நட்டுவைத்துச் சுட்டுப் பார்த்தேன். டாக்டர், நான் உணர்ச்சிவசப்படுகிறவன் இல்லை, ஆனால் அன்று கண் கலங்கிவிட்டது. முறுகின அப்பளத்தை விரலால் தொட்ட மாதிரி, தொட்டதும் உடைந்தது. தட்டெல்லாம் நடுவில் ஓட்டை. மீதியிருந்த தட்டில் சாசேஜ் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவு போர்வைக்குள் படுத்தபடி யோசித்தேன். இந்தச் சோதனை நியாயமான சோதனையா? எப்போதும் தப்பவிடுகிறவன் ஒரு புது விசையால் குறி அடித்தான் என்றால், அது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்ததாகக்கூட இருக்கலாம். ஒரு பொருளைச் சரியாகச் சோதிக்க வேண்டுமென்றால், எப்போதும் தப்பாத ஒருவனிடம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படி ஒருவன்தான் எனக்குத் தெரியும். சீசனுக்கு முன்னால் அவன் தன் துப்பாக்கியை எண்ணெய் போடுவதற்கு என் பட்டறையில்தான் விட்டுவிட்டுப் போவான். "உன் கையால சுடத்தான் வராது, துடைக்கவாச்சும் வருதா பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போவான். இந்த வருடமும் அதையேதான் சொன்னான்.

ஆக, விசையை என் துப்பாக்கியிலிருந்து கழற்றி அவனுடையதில் மாட்டினேன். அது வந்தபோது பளபளவென்று மஞ்சளாக இருந்தது. அடுப்புக்கு அடிக்கிற கறுப்புப் பூச்சு கொஞ்சம் பூசிவிட்டேன். நிறம் தெரிந்தால் ஆள் உஷாராகிவிடுவான், சோதனை கெட்டுவிடும். விசை எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு திருகாணி உண்டு. காட்டுக்கு இவ்வளவு, அதற்குக் கீழே போகாதே என்று கூடவந்த துண்டுத்தாளில் தெளிவாகப் போட்டிருந்தது. அந்த அளவைத் தாண்டி, திருகாணி போகிற மட்டும் தளர்த்திவிட்டேன். சோதனை என்று இறங்கின பிறகு அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

முகாமின் கத்தரிக்கோலையும் அந்தச் சமயத்தில்தான் சாணை பிடித்தேன். மொட்டைக் கத்தரிக்கோலால் கம்பளியை வெட்டினால் பிசிறு பிசிறாக வரும். அது நல்ல துணிக்கு மரியாதை இல்லை.

சனிக்கிழமை காலை மச்சான் வழக்கம்போலத் தன் பரணில் உட்கார்ந்தான். புல்வெளிக்கு இந்தப் பக்கம் என் பரண். நான் தொலைநோக்கியைக் கொண்டுபோயிருந்தேன், மானைப் பார்க்க அல்ல. மச்சான் மாமனாருடைய பழைய எஃகு ஃபிளாஸ்கைத் திறந்து, கொஞ்சம் காப்பி குடித்துவிட்டு, பரணின் கைப்பிடிக் கட்டையில் வைத்தான். பிறகு அந்த மான் வந்தது. நாங்கள் அதற்கு 'மேயர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். பெரிய கொம்பு, பெரிய வயிறு, எந்த வேலையும் இல்லாமல் ஊரைச் சுற்றி வரும். மச்சான் துப்பாக்கியை மெல்லத் தூக்கினான். அவன் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. நானும் கூடவே சொன்னேன். 'அருள் நிறைந்த' வரைக்கும்தான் சொன்னோம்.

குண்டு மாமனாரின் ஃபிளாஸ்கில் போயிற்று. குழல் இன்னும் மேலே ஏறி முடியவில்லை. காப்பி பீறிட்டு மச்சானின் தாடி, சட்டை, தொப்பி எல்லாம் நனைந்தது. ஃபிளாஸ்க் இருந்த இடத்தில் அவன் முழங்கால் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கவில்லை. மேயர் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நடந்தே போனார், ஓடக்கூட இல்லை.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. எந்த மனிதனும் அந்த இடத்தில் என்ன செய்வான்? துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பான், திட்டுவான். மச்சான் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை. கையுறையைக் கழற்றி, கையை முகத்துக்கு நேரே பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைநோக்கியில் எல்லாம் பக்கத்தில் தெரியும். அவன் முகத்தையும் பார்த்தேன்.

முகாமுக்கு வந்தபோது காப்பி சட்டையிலேயே உறைந்து, நடக்கும்போது நொறுங்கியது. ஸ்டாஷ் மாமா ஃபிளாஸ்கின் ஓட்டை வழியாக அவனைப் பார்த்தார்.

"மேயர் எங்கடா?"

"போயிட்டாரு."

"சுட்டியா?"

"சுட்டேன் சித்தப்பா."

"அப்ப சட்டையைக் கழட்டு. தப்பினா தப்பினதுதான். போப்பாண்டவரா இருந்தாலும் வால் போகும்."

"சித்தப்பா, இது அப்பா சட்டை. என் பனியனை வெட்டிக்கோங்க. பேன்ட்டை வேணாலும் வெட்டிக்கோங்க. இதை மட்டும் விட்டுருங்க."

"பேன்ட்டை வெட்டிட்டு அந்தக் கண்றாவிய யாருடா பாக்கறது?" என்றார் ஸ்டாஷ் மாமா. யாரும் சிரிக்கவில்லை. மச்சான் அழுதுகொண்டிருந்தான்.

"ட்ரிகர்ல விரல்தான் வச்சேன். சுடணும்னு நினைக்கவே இல்ல. என் கை என் பேச்சக் கேக்கல சித்தப்பா. அப்பாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது?"

அங்கே நான் பேசியிருக்கலாம். வாயில் சாசேஜ் இருந்தது. மென்று விழுங்குவதற்குள் ஸ்டாஷ் மாமா கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துவிட்டார். முதல்முறையாக, கையை முதுகுக்குப் பின்னால் வளைக்காமல், கண்ணால் பார்த்து வெட்டினேன். ஒரே வெட்டு. பிசிறு இல்லை.

சாயங்காலம் பட்டாணி சூப் குடிக்கும்போது மச்சான் என்னைத் தனியாகக் கேட்டான். "மாப்ளே, பொய் சொல்லாத. என் கை ஆடுதா?" அவன் முழங்கை மேஜைமேல் இருந்தது. அந்த மேஜைக்கு ஒரு கால் குட்டை. யார் மூச்சு விட்டாலும் ஆடும். நான் பார்த்ததைச் சொன்னேன். "ஆடுதுதான் மச்சான்" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. அதிலிருந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்க்கப் பார்க்க நடுங்கத்தான் செய்யும். உங்கள் கையை வேண்டுமானால் நீட்டிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்த எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "இனிமே நீ போட்டுக்கோ மாப்ளே. அப்பாவும் சந்தோசப்படுவாரு." துப்பாக்கியையும் கொடுத்துவிட்டான். நாளைக்கு நடக்கிற விருந்தில் வெந்த வான்கோழியைத் துண்டு போட்டுப் பரிமாறுவது வருடாவருடம் அவன்தான். இந்த வருடம் மாமியார் கத்தியை எனக்கென்று எடுத்துவைத்திருக்கிறார். மாமனாரின் நாற்காலியில்தான் உட்கார்ந்து துண்டு போட வேண்டுமாம். மாமியார் தினமும் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறார். வெள்ளிக்கிழமை மச்சான் பால் கம்பெனிக்குப் போய் லாரிச் சாவியைக் கொடுத்துவிடப் போகிறான். சாலையில் குழந்தைகள் போகும் வரும், என் கையை நம்பி எப்படி ஓட்டுவேன் என்கிறான். அப்படிப்பட்ட மனிதன் அவன்.

நீங்கள் மாத்திரை என்ற பேச்சை எடுத்திராவிட்டால் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன். நல்லா இருக்கிற ஆளுக்கு மாத்திரை கொடுத்தால் ஏதாவது ஆகிவிடும். நான் கொடுமைக்காரன் இல்லை. அவனுக்கு எதுவும் இல்லை, டாக்டர். பாறை மாதிரி இருக்கிறான். அன்று சுட்டது அவன் கை இல்லை, என் திருகாணி.

ஆமாம், நான் போட்டிருப்பது அந்தச் சட்டைதான். அதனால்தான் முதுகில் குளிர்கிறது. விசையும் இப்போது என் துப்பாக்கிக்குத் திரும்பிவிட்டது. தாளில் சொன்ன அளவுக்குத் திருகாணியை முடுக்கிவிட்டேன். நான் பைத்தியமில்லை. இந்தச் சட்டை, இந்த விசை, இரண்டோடும் திங்கட்கிழமை போனேன். மேயர் வந்தார். சும்மா, அகலமாக, பக்கவாட்டில் நின்றார். சுட்டேன். இந்த முறையும் நடந்தே போய்விட்டார். வெடிச்சத்தம் கேட்டதே என்று முகாமில் கேட்டார்கள், நரியைச் சுட்டேன் என்று சொல்லிவிட்டேன். சட்டையில் வெட்டுவதற்கு இனி வாலும் இல்லை. ஆகவே விசை நல்ல விசை, சட்டை நல்ல சட்டை. சோதனை இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

"மாப்ளே," என்று கூப்பிடுகிறானே, கேட்கிறதா? "இங்க வந்து பாரேன். என் வட்டமெல்லாம் முட்டை மாதிரி வருதுடா."

வரேன் மச்சான், ஒரு நிமிசம்.

பாவம், பயத்தில் அழுத்திப் போடுகிறான். நீங்கள் போய் அவனிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், டாக்டர். நான் தடுக்கவில்லை. என் மனசாட்சிக்கும் அதுதான் நிம்மதி. ஒரே ஒரு விண்ணப்பம். லாரிச் சாவியைக் கொடுத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கம்பெனி எங்கேயும் ஓடிவிடாது. மான் சீசன் அப்படியில்லை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு முடிந்துவிடும். நீங்கள் திங்கட்கிழமை சொன்னால் போதாதா?